டிஃபென்சிவ் லைனில் ஆதிக்கம்: முதல் அடியிலிருந்து குவாட்டர்பேக் வரை

பந்து சென்டரின் கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் அதை எறிவது வரை ஏறக்குறைய இரண்டரை வினாடிதான். அதற்குள் எதிரே நிற்கும் 140 கிலோ ஆளைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலில், தடுக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் டிஃபென்சிவ் லைன்மேனின் வேலை இது. ஆள் மலை போல இருந்தால் இது தானாக நடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடக்காது. ஆரோன் டோனல்டின் உயரம் 6 அடி 1 அங்குலம், எடை சுமார் 280 பவுண்டு, அதாவது 127 கிலோ. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். கணக்கில் உள்பக்க லைனுக்கு இது சின்ன உடம்பு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-இல், 12 பேரைக் கூப்பிட்ட பிறகுதான் அவர் பெயர் வந்தது. அவரே 2018 சீசனில் 20.5 சேக் எடுத்தார், அதாவது அத்தனை முறை குவாட்டர்பேக்கைப் பந்தோடு சாய்த்தார். ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருதையும் மூன்று முறை வாங்கினார். ஜான் ரேண்டலை 1990-இல் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 137.5 சேக் இருந்தது.

இவர்கள் ஜெயித்தது முதல் அடியிலும் கையிலும். எதிராளியைவிடத் தாழ்வாக வந்து, அவருக்கு முன்னால் தன் கையை உள்ளே வைப்பவர், 20 கிலோ குறைவாக இருந்தாலும் அந்த மோதலைத் தன் பக்கம் திருப்பிவிடுவார். கீழே வருவது எல்லாம் இந்த ஒன்றைச் செய்து முடிக்கும் வழிகள்தான். உயர்நிலைப் பள்ளி அணியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் களத்தில் என்ன செய்கிறார்கள் என்று புரிந்து பார்க்க நினைக்கும் பெற்றோருக்கும் இது உதவும்.

நிற்கும் இடம்

ஆஃபென்ஸ், அதாவது பந்தை வைத்திருக்கும் அணியின் லைனில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, கார்டுக்கு வெளியே டேக்கிள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து ‘ஏ’ கேப். கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவில் ‘பி’. டேக்கிளுக்கு வெளியே ‘சி’. நீங்கள் யாருடைய எந்தத் தோளுக்கு எதிரே நிற்கிறீர்கள் என்பதை எண்ணால் சொல்வார்கள். சென்டருக்கு நேர் எதிரே 0, கார்டுக்கு நேரே 2, கார்டின் வெளித்தோளில் 3, டேக்கிளுக்கு நேரே 4, அவருடைய வெளித்தோளில் 5, டேக்கிளுக்குப் பக்கத்தில் வெளியே நிற்கும் டைட் எண்டின் வெளித்தோளில் 9. உள்தோளில் நின்றால் ‘2i’, ‘4i’ என்று வரும். இந்த எண்கள் அணிக்கு அணி கொஞ்சம் மாறும். உங்கள் பயிற்சியாளர் எதை எப்படிச் சொல்கிறார் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் மாறினால் வேலையும் மாறும். 0-இல் நிற்கும் நோஸ் டேக்கிள் பெரும்பாலும் இரண்டு ‘ஏ’ கேப்புக்கும் பொறுப்பு. சென்டரைப் பிடித்து நிறுத்தி, ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவரைத் தள்ளிவிட்டுப் பிடிக்க வேண்டும். வின்ஸ் வில்ஃபோர்க் போல 325 பவுண்டு உடம்புக்கு ஏற்ற இடம் அது. 3-இல் நிற்பவருக்கு ‘பி’ கேப் ஒன்றுதான் பொறுப்பு. அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போவதே வேலை. வாரன் சாப்பும் டோனல்டும் பேர் வாங்கியது அங்கேதான். 5-இலும் 9-இலும் நிற்பவர்களுக்கு நீளமான கையும், ஓடிக்கொண்டே உடம்பைச் சாய்த்து வளைக்கும் கணுக்காலும் வேண்டும். தன் உடம்புக்குப் பொருந்தாத இடத்தில் நிறுத்தப்பட்டதாலேயே நல்ல ஆட்டக்காரர் பலர் சுமாரானவராகத் தெரிகிறார்கள்.

கனடாவில் ஆடுபவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே டிஃபென்ஸ் பந்திலிருந்து ஒரு யார்டு தள்ளி நிற்க வேண்டும். அமெரிக்க விதியில் இரு லைனுக்கும் நடுவே இருப்பது பந்தின் நீளம் மட்டுமே, சுமார் 11 அங்குலம். அதனால் டொரண்டோவில் பழகும் பிள்ளை அமெரிக்கக் காணொளியைப் பார்த்துக் கால் வைப்பு கற்றுக்கொண்டால், அவர் கை ஓரடி முன்னாலேயே நீண்டுவிடும். முதல் அடியை நீளமாக்கி, கையை ஓர் அடி தாமதமாக நீட்டப் பழக வேண்டும்.

நிலை

மூன்று புள்ளி நிலை என்றால் இரண்டு காலும் ஒரு கையும் தரையில். கால்கள் தோள் அகலம், உள்பக்க லைன்மேனுக்கு ஒரு பாதம் கூடுதல். ஒரு கால் பின்னால் இருக்கும். பின்காலின் பெருவிரல் முன்காலின் நடுப்பாதத்துக்கோ குதிகாலுக்கோ நேராக வரட்டும். எட்ஜில், அதாவது லைனின் வெளி ஓரத்தில், நிற்பவர் இன்னும் கொஞ்சம் பின்னே வைக்கலாம். பின்கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கை தரையில். கையைக் கண்ணுக்கு நேர் கீழே வைக்காமல் அரை அடி முன்னே வையுங்கள். விரல் நுனிகளில் எடை இறங்க வேண்டும். யாராவது அந்தக் கையைத் தட்டிவிட்டால் நீங்கள் முன்னால் விழ வேண்டும். விழவில்லை என்றால் எடை இன்னும் குதிகாலில் இருக்கிறது.

முதுகு தட்டையாக, இடுப்பு தோளைவிட மிகச் சிறிது உயரமாக இருக்கட்டும். கபடியில் ரெய்டர் உள்ளே வரும்போது கார்னரில் நிற்பவர் முழங்காலை மடக்கி இடுப்பை இறக்கி நிற்பாரே, அந்த இறக்கத்தோடு எடையை முன்னால் சாய்த்தால் இந்த நிலை வந்துவிடும். பலர் செய்யும் தவறு, முழங்காலை மடக்காமல் முதுகை மட்டும் வளைத்துக் குனிவது. பார்க்கத் தாழ்வாகத்தான் தெரியும். ஆனால் முதல் அடியிலேயே உடம்பு நிமிர்ந்துவிடும், நெஞ்சு திறந்துவிடும், எதிராளியின் இரண்டு கையும் அங்கே வந்து உட்கார்ந்துவிடும்.

கிளம்புதல்

பந்து அசைந்ததும் கிளம்ப வேண்டும். குரலுக்குக் கிளம்பக் கூடாது. குவாட்டர்பேக் வேண்டுமென்றே குரலை ஏற்றி இறக்கி உங்களை முன்னால் இழுப்பார். ஏமாந்தால் 5 யார்டு அபராதம். உள்ளே நிற்பவர்கள் பந்தையும் சென்டரின் கையையும் ஓரக்கண்ணால் பார்க்க முடியும். வெளியே நிற்பவர்கள் தலையைச் சற்றே உள்ளே திருப்பிப் பந்தைப் பார்த்தபடியே டேக்கிளின் அசைவையும் கண்ணுக்குள் வைத்திருக்க வேண்டும்.

முதலில் நகர வேண்டியது பின்கால். பந்தைக் கையில் வைத்து ஓடும் ஓட்டத்தை எதிர்பார்க்கும் டவுனில் (10 யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) அந்த அடி சிறியது, 6 அங்குலம் போதும். இரண்டாவது அடி தரையைத் தொடும் அதே கணத்தில் கை எதிராளியின் மேல் இருக்க வேண்டும். பாஸ், அதாவது பந்தை எறிவது, உறுதி என்று தெரிந்த டவுனில் எட்ஜில் இருப்பவர் நீளமாக அடி வைக்கலாம். இங்கே நேரத்தைத் தின்னும் தவறு ஒன்று உண்டு: முன்காலைத் தூக்கி, இருந்த இடத்திலோ பின்னாலோ வைத்துவிட்டுக் கிளம்புவது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டிலிருந்து கைபேசியில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். முன்கால் ஒரு முறை தரையைத் தட்டினால் அந்த அடி வீண். எடை முன்னால் இல்லாததால் வருவது அது. நிலையைத் திருத்தினால் காலும் திருந்தும்.

பயிற்சிக்கு ஒரு குச்சியின் நுனியில் பந்தைக் கட்டிப் பயிற்சியாளர் அசைக்கட்டும். இடையிடையே சத்தம் போட்டு ஏமாற்றட்டும். ஒரு செட்டில் 5 முறை கிளம்பி 5 யார்டு ஓடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 வினாடி ஓய்வு, மூன்று செட். களைத்த காலோடு செய்தால் மெதுவாகக் கிளம்பத்தான் உடம்பு பழகும். அதனால் பயிற்சியின் தொடக்கத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

கை

இந்த விளையாட்டில் மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவது கைதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். கட்டைவிரல் மேலே, முழங்கை விலாவை ஒட்டி, உள்ளங்கையின் அடிமேடு முதலில் படும்படி அடிக்க வேண்டும். இலக்கு எதிராளியின் நெஞ்சுப் பேட். தோள் பேட்டுக்குக் கீழே, அக்குளுக்கு உள்பக்கம். அடி மேலிருந்து கீழே வரக் கூடாது, கீழிருந்து மேலே ஏற வேண்டும். அவருடைய பேட் மேலே எழும்பும், அதோடு குதிகாலும் எழும்பும். குதிகால் எழும்பிய ஆள் எவ்வளவு கனமாக இருந்தாலும் தள்ள முடியும்.

அடித்ததும் பிடித்து, முழங்கையை நீட்டிப் பூட்டுங்கள். உங்கள் கை முழுதாக நீண்டிருந்தால் அவர் கை உங்கள் நெஞ்சை எட்டுவது கடினம். முழங்கை மடங்கியிருந்தால் இருவரும் ஒட்டிக்கொள்வீர்கள், ஒட்டிக்கொண்டால் ஜெயிப்பவர் கனமானவர். முழங்கை விலகி கை அகலமாகப் போய் அவர் தோளின் வெளிப்பக்கத்தைப் பிடித்தால் உள்பாதை முழுக்க அவருக்குத் திறந்துவிடும். உங்கள் ஜெர்சியை நெஞ்சுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொள்வார். பிடி உடம்பின் அகலத்துக்குள் இருக்கும்வரை ஹோல்டிங் என்று நடுவர் கொடி வீசுவது அபூர்வம்.

சுவரில் நெருங்கி நின்று ஒரு மெடிசின் பந்தை இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து அடித்துத் தள்ளுங்கள், முழங்கை விரியாமல். பிறகு தள்ளிப் பழகும் கனமான சட்டமான ஸ்லெட்டை மண்டியிட்டபடி அடியுங்கள்: ஆறு முறை, கால் உதவி இல்லாமல், இடுப்பைச் சுழற்றி முன்னே எறிவதால் மட்டும். சக்தி தோளிலிருந்து வருகிறதா இடுப்பிலிருந்து வருகிறதா என்பதை ஸ்லெட் உடனே காட்டிக் கொடுத்துவிடும். தோளால் தள்ளினால் அது நகராது.

தலை எப்போதும் மேலே. அடிக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து அடிக்க வேண்டும். தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஹெல்மெட்டின் உச்சியால் மோதுவது கழுத்தெலும்பை முறிக்கும். இதில் சமரசமே கூடாது. இதைச் சொல்லாத பயிற்சியாளரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள்

சேக் எடுப்பதில்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஓட்டத்தை நிறுத்த முடியாதவருக்குப் பாஸ் ரஷ், அதாவது எறியப் போகும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது, செய்யும் வாய்ப்பே வராது. எதிரணி அவர் பக்கமே ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டத்தைப் படிப்பது என்பது எதிரே நிற்பவரின் ஹெல்மெட்டைப் படிப்பது. அது எந்தப் பக்கம் போகிறதோ ஆட்டமும் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

ஹெல்மெட் நேராக உங்கள் மேல் வந்தால் அது சாதாரண டிரைவ் பிளாக். அடித்து, பூட்டி, உங்கள் கேப் பக்கத்துக் கையை விடுவித்து வைத்திருங்கள். ஹெல்மெட் உங்களைத் தாண்டி வெளிப்பக்கம் போக முயன்றால் ரீச் பிளாக். உங்களை உள்ளே அடைத்துவிட்டு வெளியே ஓடப் போகிறார்கள். நீங்களும் அதே பக்கம் பக்கவாட்டில் நகர்ந்து, வெளிக்கையால் அவருடைய வெளித்தோளை அழுத்தி நிறுத்தி, உங்கள் இடுப்பைக் கேப்புக்குள் வைத்திருக்க வேண்டும். பதறிப்போய் நேராக முன்னே பாய்ந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்த மாதிரி ஆகிவிடும்.

ஹெல்மெட் உங்களை விட்டுவிட்டு உள்பக்கம் விலகிப் போனால், அதுதான் இளம் ஆட்டக்காரர்களைக் கவிழ்க்கும் இடம். யாரும் தடுக்கவில்லை, வழி திறந்திருக்கிறது என்று அவர்கள் உள்ளே ஓடுவார்கள். அப்படி ஓடுவதைத்தான் எதிரணி விரும்புகிறது. மறுபக்கத்திலிருந்து ஒரு கார்டு லைனுக்குப் பின்னால் ஓடிவந்து உங்களைப் பக்கவாட்டில் அடித்து வெளியே தள்ளிவிடுவார், ஓட்டம் நீங்கள் விட்ட இடத்தில் போகும். இது ட்ராப். யாரும் தொடவில்லை என்றாலே சந்தேகப்படுங்கள். உள்ளே விலகியவரின் இடுப்பில் கை வைத்து, அவர் உங்களுக்குப் பின்னால் நிற்கும் உங்கள் அணியின் லைன்பேக்கரிடம் எளிதாகப் போகாதபடி இடித்து, லைனுக்கு இணையாக உள்ளே நெருங்குங்கள். ஓடிவரும் கார்டைப் பார்த்ததும் உங்கள் வெளித்தோளால் அவருடைய உள்பக்கத்தில் தாழ்வாக மோதுங்கள். சந்து அடைபடும், பந்து வெளியே வழிந்தோடும், அங்கே லைன்பேக்கர் காத்திருப்பார். சில அணிகள் இதற்கு நேர்மாறாக, வெளிக்கையை விடுவித்து வைத்துப் பந்தை உள்ளே திருப்பச் சொல்லும். உங்கள் அணி எதைச் செய்கிறது என்று தெரியாமல் களத்தில் இறங்கக் கூடாது.

டபுள் டீம்: இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளுவது. உங்களை நேராகப் பிடிப்பவர் ஒருவர், பக்கத்திலிருந்து இடித்துத் தள்ளுபவர் இன்னொருவர். பக்கத்திலிருந்து வரும் அழுத்தம் தெரிந்ததும் அந்தப் பக்க இடுப்பையும் தோளையும் அவருக்குள் இறக்குங்கள், அந்தப் பக்க முழங்காலைத் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோங்கள். தோள் இரண்டும் லைனுக்கு இணையாகவே இருக்க வேண்டும். திரும்பினால் ஐந்து யார்டு பின்னால் போய்தான் நிற்பீர்கள். பிளக்க முடிந்தால் பிளந்து போங்கள். முடியாவிட்டால் அங்கேயே குவியலாக விழுந்தாலும் சரி. நீங்கள் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் லைன்பேக்கர் ஒருவர் தடையில்லாமல் ஓடுகிறார். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது, ஆனால் ஒரு நோஸ் டேக்கிளின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவு இல்லை.

ஹெல்மெட் சட்டென்று மேலே எழும்பி எடை பின்னால் போனால் பாஸ். அந்தக் கணமே ரஷ்ஷுக்கு மாறிவிடுங்கள்.

பிடித்து நிறுத்திய பிறகு விடுபடுவது தனிக் கலை. பந்தைக் கண்ணால் பார்த்த பிறகே விடுபட வேண்டும். ஒரு கையால் இழுத்து மறு கையால் தள்ளி, அவரைத் திருப்பி, பந்து போகும் பக்கம் காலைக் குறுக்கே கொண்டுபோங்கள். சீக்கிரம் விடுபட்டால் நீங்கள் விட்ட சந்தில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் நுழைவார்.

பாஸ் ரஷ்

அடிப்படை விதி: பாதி ஆளைத் தாக்குங்கள். எதிராளியின் நெஞ்சின் நடுவை நோக்கி ஓடினால் அவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் உதவும். ஒரு தோளைக் குறிவைத்தால் பாதி உடம்பு மட்டுமே உங்களோடு மோதும். விதிவிலக்கு புல் ரஷ்: அவரை நேராகவே குவாட்டர்பேக்கின் மடிக்குள் தள்ளுவது. இதைத்தான் முதலில் கற்க வேண்டும். மற்ற எல்லா உத்தியும் இவர் தள்ளிவிடுவாரோ என்ற பயத்தின் மேல்தான் நிற்கிறது. கீழிருந்து மேலே அடித்து, குதிகாலை எழுப்பி, குறுகிய அடிகளில் காலை நிறுத்தாமல் ஓட்டுங்கள். கால் நின்றால் புல் ரஷ் செத்தது.

லாங் ஆர்ம் இதன் தம்பி. ஒரு கையை மட்டும் அவர் நெஞ்சில் குத்தி நிறுத்தி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால், ஒரு கை இரண்டு கையைவிட அதிகத் தூரம் எட்டும். நீங்களே சுவர் முன் நின்று பாருங்கள்: இரண்டு கையையும் நீட்டித் தொடும் தூரத்திலிருந்து, தோளைத் திருப்பி ஒரு கையை நீட்டினால் ஒரு சாண் கூடவே எட்டும்.

ரிப் என்பது அவர் கையை ஒரு கையால் தட்டிவிட்டு, அவர் பக்கம் இருக்கும் உங்கள் மறு கையை அவருடைய அக்குளுக்குக் கீழே விட்டு மேலே வீசுவது. முஷ்டி உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும், அதே நேரம் அதே பக்கக் கால் அவர் இடுப்பைத் தாண்ட வேண்டும். கை மட்டும் போய்க் கால் பின்தங்கினால் அவர் உங்களை அப்படியே வட்டமாகத் தள்ளிக்கொண்டு போவார். ஸ்விம்மில் கை கீழே போகாமல் அவர் தோளுக்கு மேலே நீச்சல் போலப் போகும். எதிராளி முன்னால் சாய்ந்து விழும்போது அருமையாக வேலை செய்யும். அவர் நிதானமாக நின்றால் உங்கள் விலா முழுக்கத் திறந்திருக்கும், அங்கே ஒரு குத்து விட்டால் போதும். குட்டையானவர்களுக்கு ரிப்தான் ஏற்றது.

கிராஸ் சாப் இன்று எட்ஜில் அதிகம் பார்க்கும் உத்தி. டேக்கிள் தன் வெளிக்கையை நீட்டும் கணத்தில், உங்கள் உள்பக்கக் கையால் குறுக்கே அவர் மணிக்கட்டை வெட்டிவிட்டு அதே வேகத்தில் வளைவது. மணிக்கட்டைத்தான் வெட்ட வேண்டும். முழங்கைக்கு மேலே வெட்டினால் அவர் கை அசையாது. எதிராளி கையை நீட்டாத வரை வெட்ட எதுவும் இல்லை என்பதால், தோளையும் தலையையும் ஒரு அசைவு அசைத்து அவரை நீட்ட வைக்க வேண்டும்.

ஸ்பின் என்றதும் டுவைட் ஃப்ரீனி ஞாபகம் வருவார். அவரும் 6 அடி 1 அங்குலம்தான். ஸ்பின் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு முன் நான்கைந்து முறை வெளிப்பக்க வேகத்தால் டேக்கிளைப் பயமுறுத்தி இருக்க வேண்டும். அவர் எடை முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்த கணத்தில், தொடர்பு விடாமல், உள்பக்கக் காலை ஊன்றி முதுகைத் திருப்பி, வெளி முழங்கையைச் சுழற்றி அவர் முதுகில் அடித்து உள்ளே போவது. சும்மா காற்றில் சுழல்பவர் குவாட்டர்பேக்கைப் பார்வையிலிருந்து இழக்கிறார், அவ்வளவே.

ரெஜி ஒயிட்டின் ஹம்ப் மூவ் வேறு வகை. வெளியே வேகமாகப் போவதுபோல் போய், டேக்கிள் துரத்தி வந்ததும் உள்பக்கக் கையை அவர் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கி வெளியே எறிவது. 300 பவுண்டு ஆட்கள் இரண்டு காலும் தரையை விட்டுப் போவதைப் பழைய காட்சிகளில் பார்க்கலாம். 1987-இல் 12 ஆட்டங்களில் 21 சேக். இதைப் பின்பற்றுவது எளிதில்லை. ஆனால் இதன் உள்ளே இருக்கும் பாடம் எல்லோருக்கும் பொருந்தும்: எதிராளி எந்தப் பக்கம் எடையைக் கொடுக்கிறாரோ அந்தப் பக்கமே அவரை அனுப்பிவிடுங்கள்.

தலையில் அறைந்து நிலைகுலைய வைப்பது ஒரு காலத்தில் டீக்கன் ஜோன்ஸின் ஆயுதம். 1977-இல் அதைத் தடை செய்தார்கள், நல்ல காரியம்.

எத்தனை உத்தி வேண்டும்? ஒரு முதல் உத்தி, அதற்கு ஒரு மாற்று, கூடவே புல் ரஷ். உயர்நிலைப் பள்ளிக்கு இது தாராளம். பத்து உத்தியைப் பாதி பாதி தெரிந்தவர் மூன்றாவது அடியில் யோசிக்க ஆரம்பிப்பார், அங்கேயே நேரம் முடிந்துவிடும். முதல் கால் பகுதியில் டேக்கிள் எப்படி எதிர்கொள்கிறார் என்று சோதித்துப் பாருங்கள். கையை முன்கூட்டியே நீட்டுகிறாரா? வெட்டுங்கள். பின்னோக்கி வேகமாக ஓடுகிறாரா? அவர் எடை குதிகாலில் இருக்கிறது, தள்ளுங்கள். வெளியே அதிகம் சாய்கிறாரா? உள்ளே திரும்புங்கள்.

எட்ஜில் இருப்பவர்கள் ஆழத்தைக் கவனிக்க வேண்டும். சென்டரிடமிருந்து தள்ளி நின்று பந்தை வாங்கும் ஷாட்கன்னில், எறியும்போது குவாட்டர்பேக் 7, 8 யார்டு ஆழத்தில் நிற்பார். அதற்குள் வளைய வேண்டும். அதைத் தாண்டி ஓடினால் நீங்கள் டேக்கிளைத் தோற்கடித்ததாகத் தோன்றும், ஆனால் குவாட்டர்பேக் ஒரு அடி முன்னே வைத்து நிம்மதியாக எறிவார். வளையும்போது உள்பக்கத் தோளை இறக்கி, கணுக்காலைச் சாய்த்து, பெருவிரலைக் குவாட்டர்பேக்கை நோக்கித் திருப்புங்கள். தரையில் 5 யார்டு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு அதன் மேல் சாய்ந்தபடி ஓடுவது பழைய பயிற்சி, இன்றும் அதற்கு மாற்று இல்லை.

அந்த முன்னே வைக்கும் ஒரு அடியைப் பறிப்பது உள்பக்க லைன்மேனின் வேலை. நடுவிலிருந்து வரும் அழுத்தம் குவாட்டர்பேக்கின் முகத்துக்கு நேரே வருகிறது, தூரமும் குறைவு. பக்கத்திலிருந்து வருவதைவிட அதுதான் அவரை அதிகம் குலைக்கும்.

எட்டவே முடியாது என்று தெரிந்தால் கையைத் தூக்குங்கள். ஜே.ஜே. வாட் 2012-இல் 20.5 சேக் எடுத்தார். அதே சீசனில் 16 பாஸ்களைத் தட்டியும் விட்டார். குவாட்டர்பேக்கின் எறியும் கை மேலே போவதைப் பார்த்துத்தான் தூக்க வேண்டும். குதிக்க வேண்டாம், குதித்தவரால் திரும்ப ஓட முடியாது.

பிடிக்கும்போது ஒரு கை உடம்பைச் சுற்ற, மறு கை பந்து இருக்கும் கையை வெட்டட்டும். முழு எடையோடு அவர் மேல் விழக் கூடாது. கழுத்துக்கு மேலோ, முழங்காலிலோ அதற்குக் கீழேயோ அடிக்கவும் கூடாது. என்.எஃப்.எல்.-இல் இதற்கு 15 யார்டும் தானாக முதல் டவுனும் போகும். எதிராளியின் முகத்தில் கை வைத்தால் 5 யார்டுதான், ஆனால் அதற்கும் முதல் டவுன் தானாகவே உண்டு. மூன்றாவது டவுனில் 12 யார்டு வேண்டிய இடத்தில் இதைச் செய்தால் அத்தனை உழைப்பும் வீண்.

இருவர் சேர்ந்து

ஸ்டன்டில் இருவர் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். உதாரணமாக உள்ளே நிற்பவர் வெளிநோக்கிப் பாய்ந்து எதிரணி டேக்கிளின் இடுப்பில் மோதுவார். வெளி ஓரத்தில் நிற்கும் எண்ட் அவருக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருவார். முதலில் போகிறவர் உண்மையிலேயே மோத வேண்டும், நாசூக்காக ஒதுங்கிப் போனால் ஆஃபென்ஸ் ஆளை மாற்றிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாமவர் ஓரடி முன்னே வைத்து, ஒரு கணம் காத்து, முன்னவரின் முதுகை உரசுவது போல நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அகலமாகச் சுற்றினால் நேரம் போய்விடும். ஓட்டம் வரக்கூடிய டவுனில் இதைச் செய்தால் கேப் ஒன்று காலியாகவே கிடக்கும்.

உடம்பு

ஒரு டவுனில் ஆட்டம் ஐந்தாறு வினாடி. பிறகு அரை நிமிடம் போல ஓய்வு. மைல் கணக்கில் ஓடுவதால் இதற்குப் பலனில்லை. 6 வினாடி முழு வேகம், 35 வினாடி ஓய்வு, இப்படி 8 முறை, பிறகு 3 நிமிடம் ஓய்வு, மீண்டும் 8. ஸ்குவாட், டெட்லிஃப்ட், பவர் கிளீன், ஸ்லெட் தள்ளல், கனத்தைக் கையில் தூக்கி நடப்பது, கழுத்துப் பயிற்சி ஆகியவை அடித்தளம். பெஞ்ச் பிரஸ் வேண்டும், ஆனால் அதற்குக் கிடைக்கும் மரியாதை கூடுதல். டோனல்ட் டிராஃப்டுக்கு முந்தைய உடல் சோதனையான 2014 கம்பைனில் 225 பவுண்டை 35 முறை தூக்கினார் என்பதைச் சொல்பவர்கள், அவர் 40 யார்டை 4.68 வினாடியில் ஓடியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடை ஏற்றும் பிள்ளைகள் வாரம் ஒருமுறை 10 யார்டு நேரத்தை அளக்கட்டும். எடை ஏற ஏற அந்த நேரமும் ஏறினால் ஏறியது கொழுப்பு.

ஸ்னாப்புக்கு (பந்து கிளம்புவதற்கு) முன் என்ன பார்ப்பது

எதிரே நிற்கும் கார்டு தரையில் ஊன்றிய கையைப் பாருங்கள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தால் எடை முன்னால் இருக்கிறது, ஓட்டம் வரலாம். விரல்கள் புல்லை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் எடை பின்னால், பாஸ், அல்லது தன் இடத்தை விட்டு லைனுக்குப் பின்னால் ஓடப் போகிறார். டேக்கிளின் வெளிக்கால் வழக்கத்தைவிடப் பின்னால் இருந்தால் பாஸ். டவுனும் தூரமும் என்ன, ரன்னிங் பேக் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இது எல்லாம் மூன்று வினாடியில் நடக்க வேண்டும், அதனால் வாரம் முழுக்க எதிரணியின் காணொளியில் இதை மட்டும் பார்த்துப் பழக வேண்டும். பந்தைப் பார்க்காமல் ஒரே லைன்மேனை 20 ஸ்னாப் தொடர்ந்து பாருங்கள். அவருடைய பழக்கம் தெரிந்துவிடும்.

பழகுவதற்கு ஒரு நல்ல துண்டு: 2022 பிப்ரவரி 13, இங்கிள்வுட் சோஃபை ஸ்டேடியத்தில் நடந்த சூப்பர் பௌலின் கடைசி நிமிடம். டோனல்ட் ஆடிய ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. பெங்கால்ஸுக்கு மூன்றாவது டவுன், 1 யார்டு வேண்டும். ஓடுகிறார்கள். டோனல்ட் பிளாக்கிலிருந்து கையை நீட்டி ரன்னிங் பேக்கை நிறுத்துகிறார், ஒரு யார்டும் இல்லை. நான்காவது டவுன், அதே 1 யார்டு. இந்த முறை பாஸ். அவர் கார்டைத் தாண்டி வந்து குவாட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்றுகிறார், பந்து யார் கையிலும் சேராமல் தரையில் விழுகிறது. இரண்டு ஸ்னாப்பையும் அடுத்தடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: முதலில் காலை மட்டும், அடுத்த முறை கையை மட்டும், மூன்றாவது முறை எதிரே நிற்பவரின் குதிகாலை.